எலிகளின் நள்ளிரவு

கதவின் அடியில் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது.

அவள் நின்றாள்.

வெளியே உச்சி வெயில். உள்ளே எலிகளுக்கு நடுராத்திரி. ஆய்வகத்தின் அந்த ஓர் அறையில் மட்டும் நாளைத் தலைகீழாக்கி வைத்தவள் அவள்தான். காலையில் விளக்கு தானாக அணையும். சாயங்காலம் எரியும். எலிகளின் ராத்திரியை மனிதர்கள் பகலில் பார்க்க அந்த ஏற்பாடு.

அந்த இருட்டில் மங்கலான சிவப்பு பல்பைத் தவிர எதையும் போடக்கூடாது. பெண் எலிகளுக்குக் கருமுட்டையை வெளியேற்றும் ஹார்மோன் நேரம் பார்த்துத்தான் பொங்கும். அதற்கு நேரம் சொல்வது இருட்டும் வெளிச்சமும். நடுராத்திரியில் பளிச்சென்று டியூப்லைட்டைப் போட்டால் எல்லாம் குழம்பிப்போகும். அப்புறம் ஹார்மோனை அளக்க எடுக்கிற ரத்தத்துக்கு ஓர் அர்த்தமும் கிடையாது.

உள்ளே இருந்தவன் டியூப்லைட்டைப் போட்டிருந்தான்.

நேற்றும் போட்டிருந்தான். முந்தாநாளும்.

போடட்டும். நாசமாய்ப் போகட்டும்.

அவன் ஹரிராம். பேராசிரியரின் அக்கா மகன். அவள் வருடக்கணக்காக எலிகளோடு எலியாகக் கிடந்து கண்டுபிடித்தது கட்டுரையாக அச்சில் வந்தபோது முதல் பெயர் அவனுடையது. அவள் பெயர் கடைசியில், நன்றி சொல்கிற இடத்தில், எலிகளுக்குத் தீனி வைத்தவர் பெயரோடு கிடந்தது.

கட்டுரையைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்கப் போனாள்.

"அவனுக்கு வெளிநாட்டு வாய்ப்பு வருதும்மா. நீ பொம்பளப்பிள்ள, நாளைக்குக் கல்யாணம் ஆகிப் போயிருவ. ரூம் சாவிய அவன்ட்ட குடுத்துரு," என்றார் பேராசிரியர்.

கல்யாணமாம்! வந்த வரன்களையெல்லாம் இந்த எலிகளுக்காகத்தான் தட்டிக்கழித்தாள்.

சாவியைக் கொடுத்தாள். கதவில் தான் ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டிக் கிழித்தாள். 'உள்ளே இரவு. விளக்கைப் போடாதீர்கள்.' அவள் கையெழுத்து, அவள் தாள். அதையும் எதற்கு அவனுக்கு விட்டுவைக்க வேண்டும்?

அடுத்த வாரம் ரத்தம் எடுப்பார்கள். அதில் வருகிற முடிவை வைத்துத்தான் ஹரிராமுக்கு ஜெர்மனி. மாமன் ஊரெல்லாம் சொல்லியாயிற்று.

கதவு திறந்தது.

"அக்கா, நல்லவேள வந்தீங்க. பட்டப்பகல்ல உள்ள ஒரே கும்மிருட்டு. மூணு நாளா சுவிட்சைத் தேடிப் போட்டுக்கிடுதேன். போடலாம்லா? ஒண்ணும் ஆகாதுல்லா?"

அவன் முகத்தில் கள்ளமே இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

இன்றைக்கு நிறுத்தினால்கூடப் போதும். ரத்தம் எடுப்பதைச் சில வாரம் தள்ளிவைத்தால் எலிகள் தேறிவிடும். அவள் செய்த வேலையும் பிழைத்துவிடும். அவள் செய்த வேலைதானே அது.

கதவில் தாளைச் சுரண்டிய தடத்தைப் பார்த்தாள்.

"என்ன ஆகப்போவுது? தாராளமா போடுங்க," என்றாள்.

"டியூப் வேற விட்டு விட்டு எரியிது. கண்ணு வலிக்கி."

"அத நான் பாத்துக்கிடுதேன் தம்பி."

அவனைத் தம்பி என்று அவள் கூப்பிட்டது அதுவே முதல் முறை.

வெயிலில் நடந்து போய்க் கடையில் புது டியூப் வாங்கி வந்தாள். இருந்ததில் பெரியது.

சிவப்பு பல்பின் மங்கலில் ஸ்டூல் போட்டு ஏறினாள். அவன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான்.

அவள் வாசனை தெரிந்து எலிகள் கம்பியோரம் கூடின. குட்டியிலிருந்து அவள் கையில் வளர்ந்தவை. மூக்கை நீட்டி நீட்டித் தேடின.

அவள் கூண்டுகளின் பக்கம் திரும்பவில்லை. டியூப்பைப் பொருத்தி, இறங்கி, கைத்தூசியைத் தட்டினாள்.

"ம், போடுங்க," என்றாள்.