ஜன்னல் சீட் கேட்ட வரி

கம்ப்யூட்டருக்குள் கிரெப், செட் என்று இரண்டு கட்டளைகள் குடியிருந்தன. கிரெப், கேட்ட சொல் இருக்கும் வரிகளைத் தேடிக் காட்டும். செட் அவற்றை மாற்றும், அழிக்கும்.

சுற்றுலாப் பட்டியலில் 'வரவில்லை' என்றிருக்கும் வரிகளை அழிக்கச் சொன்னார் எஸ்தர் டீச்சர்.

"ஏழே வரி, ஒரே வீச்சு!" என்று துள்ளியது செட்.

"இருப்பா, முதல்ல காட்டிடறேன்," என்றது கிரெப்.

"உனக்கு வேடிக்கை பார்க்கிறதே பொழப்பு!"

கிரெப் காட்டியது. ஆறு வரிகளில் சிக்கலில்லை. ஏழாவதில், "கோமகள்: காய்ச்சல், வரவில்லை என்றாள். இப்போது சரியாகிவிட்டது, வருகிறாள். ஜன்னல் சீட் வேண்டுமாம்" என்றிருந்தது.

செட் ஆறை மட்டும் அழித்தது. பிறகு கிரெப்பை மெல்ல இடித்தது.

"அந்த ஜன்னல் சீட் வரியை இன்னொரு தடவை காட்டேன்."