பத்து மொச்சை

முதுமைக்கான சேமிப்பை ஆராயும் பொருளாதாரப் பேராசிரியை, பூவாத்தாளின் முன்னால் ஒரு தட்டையும் பத்து மொச்சைக்கொட்டைகளையும் வைத்தார்.

"இன்னும் பத்து வருசம் இருப்பீங்கன்னு எவ்வளவு நம்பிக்கைம்மா? முழுசா நம்பினா பத்தையும் தட்டுல போடுங்க."

பூவாத்தாள் கை நீட்டுமுன் மகன் தங்கராசு இரண்டை எடுத்துப் போட்டான்.

"அம்மாவுக்குச் சர்க்கரை ஏறிக் கெடக்குதுங்க மேடம். மில்லுல குடுத்த ஓய்வுப் பணம் சும்மாதான் இருக்குது. லாரிக்குக் கேட்டா தர மாட்டேங்குது."

"ஏன்டா, உங்கப்பனையும் இப்படி எண்ணிப் பாத்துத்தான் ஆஸ்பத்திரியில இருந்து பாதியில கூட்டியாந்தியா?"

மீதி எட்டையும் அள்ளிப் போட்டு, தட்டின் மேல் கையைக் கவிழ்த்தாள்.

"பத்துன்னு எழுதுங்க மேடம்."

பேராசிரியை பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தங்கராசு அந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கத் தொடங்கினான்.