அஞ்சு பேர் டிக்கெட்

மியூனிக்கில் ஐந்து பேருக்கு ஒரே ரயில் டிக்கெட் கிடைக்கும். சனிக்கிழமை ஊர் சுற்றக் கிளம்பும் மாணவர்கள் நாங்கள், ஆள் குறைந்தால் பிளாட்பாரத்தில் யாரையாவது சேர்த்துக்கொள்வோம்.

போன மாதம் எங்கள் நண்பன் எமீலியோ மலை ஏரியில் மூழ்கினான். உடல் கிடைக்கவில்லை. அங்கே பூ விட இன்று நால்வர் கிளம்பினோம்.

“ஒரு எடம் இருக்கு, யாராச்சும் வர்றீங்களா?” என்று இலோனா கூவினாள்.

ஒரு கிழவர் வந்து பார்த்தார். “விளையாடுறியாம்மா? அதான் அஞ்சு பேர் நிக்கிறீங்களே. முதல்ல அந்தப் பையனுக்குத் துண்டு குடு, தெப்பமா நனைஞ்சிருக்கான்.”

நால்வரும் ரயிலில் ஏறினோம். ஏரியில் பூ விட்டோம். கடைசியாக இறங்கிய இலோனா மட்டும் கொஞ்சம் தாமதித்துத்தான் கரையேறி வந்தாள்.

திரும்பும்போது ஏரிக்கரை ஸ்டேஷனில் ஒரு தம்பதி தாங்களாகவே வந்து கேட்டார்கள். “மூணு பேர்தானே இருக்கீங்க? நாங்க ரெண்டு பேரும் சேந்துக்கலாமாப்பா?”

நாங்கள் நால்வரும் நின்றிருந்தோம். இலோனாவின் கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.