பதினேழாம் எண்ணில் குடியிருப்பவர்

சென்னிமலை முருகன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் கூடப் பொய் கிடையாது. பதினெட்டாம் எண் வீட்டு ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் என் கண்ணால் பார்த்தேன். துருப்பிடித்த கொண்டியை நீக்கத்தான் கொஞ்சம் நேரமாகிவிட்டது.

பக்கத்துப் பதினேழில், காலை ஏழு மணிக்கே பொங்கியண்ணன் தன் கல்யாணப் போட்டோவை மாட்டச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அங்கே மாட்டியிருந்த, நஃபீசாவின் மகள் பள்ளியில் வாங்கிய சான்றிதழ் கட்டிலுக்கு அடியில் போனது.

அரசு கட்டிய வாடகை வீடுகள் அவை. குடியிருப்பவருக்கே சொந்தமாக விற்றுவிடுவதென்று உத்தரவு வந்திருந்தது. யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்க அன்றைக்கு அதிகாரி வருவதாக இருந்தது. பதினேழு பொங்கியண்ணன் பெயரில்தான் இருக்கிறது. அவர் இருப்பதோ காரமடையில், மாடி போட்ட சொந்த வீட்டில். இங்கே உள்வாடகைக்கு இருப்பவள் தையல்காரி நஃபீசா. கோயமுத்தூரில் ஒரு வீட்டுக்கு மனுப் போட்டுவிட்டு ஆயிரம் பேர் காத்துக் கிடக்கிறார்கள். இந்த மாதிரி ஆசாமிகளுக்கு வெட்கம் என்ற ஒன்றே கிடையாது.

“அதிகாரி கேட்டா, ஜாக்கெட்டுக்கு அளவெடுக்க வந்தேன்னு சொல்லிப்போடு அம்மணி.”

“பதினாலு வருசமா இருக்கோமுங்க. ஊடு உங்க பேருக்கு வந்துட்டா எங்களை இருக்க உடுவீங்களா?”

“அதுக்கென்ன கண்ணு, ஒரு மாசம் தாராளமா இருந்துக்க.”

பத்து மணிக்கு அதிகாரி சண்முகப்பிரியா வந்தார். குழாயில் தண்ணீர் எந்தக் கிழமை வரும், பால்காரர் பேர் என்ன, எல்லாவற்றையும் பொங்கியண்ணன் மனப்பாடமாக ஒப்பித்தார். நஃபீசா இஞ்ச் டேப்பைப் பிடித்துக்கொண்டு மூலையில் நின்றாள்.

“எல்லாம் சரியா இருக்குங்க. நான் போயிட்டு வாரேன்” என்று பேனாவை மூடினார் அதிகாரி.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் சொல்லிக்கொள்ளாமல் வாசலைத் தாண்ட மாட்டார்கள். ஒருவர் எழுந்தால் அடுத்தவருக்கும் கால் தானாக எழுந்துவிடும். பொங்கியண்ணன் எழுந்து வேட்டியை உதறினார். மஞ்சப்பையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார். நஃபீசாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

“அப்ப நானும் வாரேனுங்க அம்மணி.”

மூடிய பேனாவை அதிகாரி மறுபடி திறந்தார். “உங்க ஊட்டை உட்டுப்போட்டு எங்கீங்க போறீங்க?”

பொங்கியண்ணன் மஞ்சப்பையை அவசரமாக முதுகுக்குப் பின்னால் மறைத்தார். நஃபீசா இஞ்ச் டேப்பை வீசிவிட்டு ரேஷன் கார்டையும் சிலிண்டர் புத்தகத்தையும் கொண்டுவந்து நீட்டினாள்.

“இது போதாதுங்க. நீங்கதான் குடியிருக்கீங்கன்னு சொல்ல அக்கம்பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?”

அநியாயத்தைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. ஒரே எட்டில் அங்கே போய் நின்றேன்.

“நானிருக்கறனுங்க மேடம். பதினெட்டாம் நம்பர், நாப்பது வருசமா இங்கதான் குடியிருக்கறேன். இந்த அம்மணி வந்து பதினாலு வருசமாச்சுங்க. ராத்திரியெல்லாம் இவங்க தையல் மிஷின் சத்தத்துல எனக்குத் தூக்கமே இல்லீங்க.”

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொங்கியண்ணன் பெயரை அடித்து நஃபீசா பெயரை எழுதினார். “நீங்களே சாட்சி. உங்க ஊட்டைத் தனியாப் பார்க்க வேண்டியதில்லீங்க” என்று பதினெட்டுக்கு என் பெயரில் டிக் போட்டு, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார். பின்னாலேயே போட்டோவும் ஆணியுமாகப் பொங்கியண்ணனும் போனார். பேராசைக்காரனுக்கு அதுதான் கதி.

நஃபீசா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள்.

“இந்த உபகாரத்தை மறக்கவே மாட்டேனுங்க” என்றவள், என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏனுங்க, நீங்க யாருங்க?”