மூடிய சதுப்பு

கொட்டகலைக்குக் கீழே, தேயிலைச் சரிவின் அடிவாரத்தில் இருந்த சதுப்பை மூடிக் கொட்டிய செம்மண்மேல் அரசின் சுற்றாடல் (சுற்றுச்சூழல்) உத்தியோகத்தர் கௌசி நிற்கிறாள். பிற்பகல் மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கி, ஓரமாய் நிற்கும், மண் அள்ளும் பெக்கோ இயந்திரத்தைப் பாதி விழுங்கிவிட்டது. இங்கே ஹோட்டல் கட்டப்போகும் மேற்பார்வையாளர் கஜேந்திரன் அனுமதிப் படிவத்தை நீட்டுகிறார். "காஞ்ச தரைதானுங்க மிஸ். தண்ணியே கெடையாது. ஒரு கையெழுத்துப் போட்டா போதும்." அவள் பேனாவைத் திறக்கும்போது காலடியில் ஒரு தவளை கத்துகிறது. பிறகு இன்னொன்று. பிறகு நிலம் முழுவதும். சுற்றிலும் ஒரு புல்கூட இல்லை. சத்தம் மண்ணுக்குள்ளிருந்துதான் வருகிறது. கொழுந்துக் கூடையோடு மேலே பாதையில் போகும் செல்லாயி நின்று குரல் கொடுக்கிறாள்: "மூடுன நாள்லேருந்து இப்படித்தாங்க மிஸ். லயத்து வீடுகள்ல யாரும் சரியா தூங்குறதில்ல." கஜேந்திரன் கால்களை மாற்றி மாற்றி வைக்கிறார். கௌசி குனிந்து உள்ளங்கையை மண்ணில் அழுத்துகிறாள். குளிர்ந்த மண் அடியில் மெல்ல அதிர்கிறது. கையை எடுத்ததும் ஐந்து விரல் தடங்களிலும் நீர் ஊறி நிறைகிறது. நிமிர்ந்து படிவத்தில், 'நீர்நிலை உண்டு. கட்ட அனுமதிக்கக் கூடாது' என்று நின்றபடியே எழுதுகிறாள். கடைசி எழுத்து முடிந்த கணத்தில், கீழே அத்தனை சத்தமும் ஒன்றாக அடங்குகிறது.