குரல் கொடுத்த வாக்கு

வைரஸ் காய்ச்சலில் புத்தி தடுமாறும் முதியவர்களை, அவர்களுடைய பிள்ளைகளின் குரலிலேயே பேசி அமைதிப்படுத்தும் கருவி, அந்த மருத்துவமனையில் கட்டில்தோறும் இருந்தது. அப்பாவின் கட்டிலருகே ஐந்து நாள்களாகக் கண் மூடாத உலகம்மாள், தன் குரலைப் பதிந்து கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் விழுந்து உறங்கினாள்.

மறுநாள் அவள் வந்தபோது, அப்பா மாடசாமிக்குப் புத்தி தெளிந்திருந்தது. முப்பது ஆண்டுகள் பேருந்து நடத்துநராக இருந்தவர் அவர்.

"ஏட்டி உலகு, கட்டில பஸ்ஸுன்னு நெனச்சு நேத்துப் பூரா விசிலடிச்சேனாமே! ஆனாலும் நீ என்ன பொறுமையாப் பேசுன! ஒருநாளும் அப்படிப் பேசுனதில்லையே."

"ஏதோ பேசுனேம்ப்பா."

"கடைசி ஸ்டாப் எதுன்னு கேட்டேன். 'நம்ம வீடுதாம்ப்பா, நானே கூட்டிட்டுப் போறேன்'னு சொன்ன. அதுக்கப்புறந்தான் எனக்கு ஒறக்கம் வந்துச்சு."

அவள் கைப்பையில் முதியோர் இல்லத்தின் படிவம் கையெழுத்தோடு இருந்தது. வேலைக்கும் போய், அவரையும் தூக்கிக் கிடத்த இனி உடம்பில் தெம்பில்லை என்று அழுது தீர்த்த பிறகே அதில் கையெழுத்திட்டிருந்தாள். பேசியது நானில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்; அந்த வாக்கு அவளுடையதில்லை என்றாகிவிடும்.

சன்னலுக்கு வெளியே இல்லத்தின் வண்டி வந்து நின்றது.

"நம்ம வண்டியா பிள்ள?" என்று அவர் எழ முயன்றார்.

உலகம்மாள் அவரது முதுகுக்குக் கை கொடுத்தாள். கை வலித்தது.

"இல்லப்பா. அது வேற ரூட்டு. நாம ஆட்டோவுல போவோம்."