பதினேழாம் வரிசை

பதினேழாம் வரிசையில் ஒரு பூச்சிகூட இல்லை.

எங்கள் சோதனைத் தோட்டத்துப் பெரிய அதிகாரி, மாத்தயா, நம்பவில்லை. சப்பாத்து சேற்றில் புதையக் குந்தி உட்கார்ந்து, குருத்தை விரித்துப் பார்த்தார். பக்கத்து வரிசைகளில் காம்பே தெரியாத அளவுக்கு அழுக்கணவன் பூச்சி கறுப்பாக அப்பியிருந்தது.

இன்று கடைசிப் புள்ளி போடும் நாள். ஒன்று என்றால் பூச்சி தொடவில்லை. ஐந்து என்றால் செடி முடிந்தது. மூன்றைத் தாண்டும் இனத்தை இந்தப் போகத்தோடு நிறுத்திவிடுவோம். அதன் விதையை யாராவது அவித்து, தேங்காய்ப்பூ போட்டுத் தின்பார்கள்.

இருபது ஊர்களிலிருந்து வந்த இருபது கௌபிப் பயறு இனங்கள். மருந்து அடிக்கக் கூடாது. நடுநடுவே பூச்சிக்குப் பிடித்த ஓர் இனத்தை வேண்டுமென்றே நட்டிருக்கிறோம், அதில் பெருகி மற்றவற்றுக்கும் பரவட்டும் என்று. எது தாங்குகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை.

பதினேழு, தெல்தோட்டை விதை. என் மனைவி டிலானி தன் தாய் வீட்டிலிருந்து பால்மா டின்னில் கொண்டு வந்தது.

"எங்க வீட்டுக் கௌபிக்குப் பூச்சியே வராது. சும்மா சிரிக்காம நட்டுப் பாருங்க சார்" என்றாள். கோபம் வந்தால் என்னை சார் என்பாள்.

நட்டேன்.

மூன்றாம் வாரம் அவள் இறந்தாள். டெங்கு. அவளுக்கு ஒரு கொசு போதுமாக இருந்தது.

கருமாதிக்குத் தெல்தோட்டை போயிருந்தேன். விடியுமுன் பின்பக்கம் ஏதோ சத்தம். மாமியார் அங்கம்மா, கிழிந்த சீனிப் பையிலிருந்து அடுப்புச் சாம்பலை அள்ளிக் கௌபிக்குத் தூவிக்கொண்டிருந்தார். அன்றைக்கும்.

"இது தூவாட்டி ஒரு காய் மிஞ்சுமா மாப்பிள?"

தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகுமுன் தினமும் தூவுவாராம். டிலானி எழுந்திருக்கும் நேரம் அது இல்லை.

அந்த இனத்துக்குத் தாங்கும் சக்தி எதுவும் கிடையாது. இருந்ததெல்லாம் சாம்பல்.

இதைச் சொல்லிச் சிரிக்க அவள் இல்லை. அவள் சொன்னது என்று மிச்சமிருந்தது இந்த ஒரு வரிசைதான்.

மாத்தயா ஓர் இலையைத் திருப்பினார். விரலில் வெளிறிய தூள் ஒட்டியது. தேய்த்தார். முகர்ந்தார். றோட்டுத் தூசி என்று சிங்களத்தில் முணுமுணுத்துவிட்டு, விரலைக் காற்சட்டையில் துடைத்தார்.

நான் அந்தக் காற்சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதிவேட்டில் ஒன்று போட்டார். அடுத்த போகம் நான்கு மாவட்டங்களில் நட்டுப் பார்ப்போம், இதற்கு நல்ல பெயராக ஒன்று யோசித்து வை என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

களை பிடுங்கிக்கொண்டிருந்த சுந்தரி அக்கா எழுந்து வந்தார். முப்பது வருடமாக இந்தச் சோதனைத் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். அதே இலையை ஒருமுறை தடவினார்.

"மாத்தயா கண்ணுல மண்ணத் தூவலாம் தம்பி, நம்மகிட்டயுமா? சாம்பல்தானே இது?"

வெற்றிலைப் பல் தெரியச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"ஆமா, ஒங்க வீட்டுல காஸ் அடுப்புதானே. சாம்பலுக்கு எங்க போனீங்க?"

நான் பதிவேட்டை மூடினேன்.

அஸ்தியில் பாதியைத்தான் கெட்டம்பேயில் ஆற்றில் கரைத்தேன்.

மிச்சம் இருப்பது நான்கு மாவட்டத்துக்குப் போதாது.